பாக்கெட்டில் யாருடைய நம்பர்?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது)



"ஆன்லைனில் விற்க வழி சொல்லுங்க" என்று பல குழுக்களில் கேட்கிறீர்கள். ஆன்லைன் என்றதும் டெல்லிக்கு முறுக்கு அனுப்புவது என்று நினைக்க வேண்டாம். 120 ரூபாய் பாக்கெட்டுக்குச் சரக்கும் கூலியும் 90 ரூபாய், கூரியர் 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விற்கிற ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் நம்ம கைக்காசு 30 ரூபாய் போகும். நமக்கு வாடிக்கையாளர் பக்கத்து டவுனில் இருக்கிறார். பஸ்ஸில் வந்து போகும் டீச்சர், வளைகாப்புக்குப் பலகாரம் தேடும் வீட்டுக்காரர், இவர்கள்தான். அவர்கள் கையிலும் போன் இருக்கிறதே!

இதற்கு வாட்ஸ்அப் பிசினஸ் போதும். 2018-லேயே நம் நாட்டுக்கு வந்துவிட்டது, காசு கிடையாது. ஸ்டேட்டஸில் போடும் படம் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். ஆனால் இதில் உள்ள கேட்டலாக்கில் படமும் விலையும் போட்டு வைத்தால் அப்படியே இருக்கும். வாங்குகிறவர்களிடம் "எங்க நம்பரைப் பதிஞ்சு வச்சுக்கோங்க" என்று சொல்லுங்கள். பதிந்து வைக்காதவர்களுக்கு நம் ஸ்டேட்டஸும் தெரியாது, பிராட்காஸ்ட் செய்தியும் போய்ச் சேராது.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். பாக்கெட்டில் யாருடைய நம்பர் இருக்கிறது? பெரும்பாலும் மகன் நம்பர், இல்லையென்றால் வீட்டுக்காரர் நம்பர். மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போனால் போனும் கூடவே போகிறது. ஆர்டர் கேட்டு வருகிறவருக்கு "அம்மா ஊர்ல இருக்காங்க" என்று பதில். இரண்டு தடவை அப்படிக் கேட்டவர் மூன்றாவது தடவை கூப்பிட மாட்டார். கியூஆர் அட்டையும் அப்படித்தான். மாவு அரைத்து, பாக்கெட் போட்டு, வெயிலில் கொண்டுபோய் விற்பது நாம். பணம் விழுவது இன்னொருவர் கணக்கில். நாளைக்குப் பெரிய கடன் கேட்டுப் போனால் வங்கி மேனேஜர் நம்ம கணக்கில் வரவு இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். வீட்டில் சண்டை போடச் சொல்லவில்லை. உங்கள் பேரில் ஒரு சிம், உங்கள் கணக்குக்கு ஒரு கியூஆர், அவ்வளவுதான். குழுத் தொழில் என்றால் குழுக் கணக்குக்கே கியூஆர் தருவார்களா என்று வங்கிக் கிளையில் கேளுங்கள். சிம்மை மாதக்கணக்கில் ரீசார்ஜ் பண்ணாமல் விட்டால் அந்த நம்பர் வேறொருவருக்குப் போய்விடும், கவனம்.

போட்டோவைக் காலை வெளிச்சத்தில், வாசலில் வைத்து எடுங்கள். நெட்டில் இருந்து அடுத்தவர் முறுக்குப் படத்தை எடுத்துப் போட்டால், நம்ம முறுக்கு நல்லா இருந்தாலும் வாங்கியவருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். எடை, விலை, செய்த தேதி, எங்கே வந்து வாங்கலாம் என்பதையும் எழுதுங்கள். "விலைக்குப் போன் செய்யவும்" என்று போட்டால் பாதிப் பேர் போன் செய்யவே மாட்டார்கள். உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண் பாக்கெட்டில் இருக்க வேண்டும்.

தையல் கடை, டிபன் கடை வைத்திருப்பவர்கள் கூகுள் மேப்பில் கடையைச் சேருங்கள். அதுவும் இலவசம்தான். "பணம் கட்டுங்க, உங்க கடையை முதல்ல வர வைக்கிறோம்" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள்.

இன்னொரு போனும் வரும். பட்டாளத்துக்காரர் என்பார், 100 பாக்கெட் வேண்டும் என்பார், பணம் அனுப்புகிறேன், ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க என்பார். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் போட்டால் நம்ம பணம்தான் போகும். ஏமாந்துவிட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது தீர்மான நோட்டோடு, விற்கிற பொருளில் ஒன்றும் கொண்டு வாங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி, வெளிச்சம் இருக்கும்போதே எல்லாருமாகப் போட்டோ எடுத்துப் பழகுவோம்.