தாத்தாவோட ஜீப்பும் 11590-ம்

இன்னைக்கு எபிசோட் ஒரு பேரிங் பத்தி. உள்ளங்கையில அடங்கிடும். அது கிடைக்காம போயிருந்தா எங்க தாத்தாவோட ஜீப் இரும்புக் கடைக்கு எடைக்குப் போயிருக்கும்.

எங்க ஊரு சாத்தான்குளம். அங்கிருந்து உடன்குடிப் பக்கம் போனா செக்கச் செவேல்னு தேரி மணல். சாதாரண வண்டி இறங்கினா சக்கரம் புதைஞ்சிடும், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் ஏறி வரும். பனங்காட்டுல இருந்து கருப்பட்டி ஏத்தி வரத்தான் தாத்தா பழைய மிலிட்டரி ஜீப் ஒண்ணு வாங்கினார். வில்லிஸ் எம்பி. ரெண்டாம் உலகப் போருக்காக வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து இந்த வகையில 6 லட்சம் வண்டிக்கு மேல செஞ்சாங்க. நாம ஜீப்னு சொல்றோம், அமெரிக்க ராணுவம் வச்ச பேரு ‘கால் டன் டிரக்’. பழைய ஜீப் எங்கயாவது பாத்தா முன் கிரில்ல இருக்கிற துளையை எண்ணிப் பாருங்க. ராணுவ வண்டின்னா பெரும்பாலும் 9 இருக்கும். போருக்குப் பிறகு பொதுமக்களுக்கு வந்த சிஜே வகைன்னா 7.

அந்த வண்டி பல வருஷமா கொட்டகையில நின்னுச்சு. இரும்புக் கடைக்காரர் விலை பேசிட்டார். நான் சென்னையில இருந்து ஓடிப் போய் அப்பாகிட்ட நின்னேன். “ஒரு மாசம் தாரேன். ஓட்டிக் காட்டு, இல்லைன்னா எடைக்குத்தான்”னு சொல்லிட்டார்.

இன்ஜின் எழுந்துடுச்சு. ஆனா 30 கிலோமீட்டர் வேகம் வந்தா முன்சக்கரம் ரெண்டும் ஆட ஆரம்பிக்குது, ஸ்டீயரிங் கையில நிக்கல. கோளாறு முன் ஆக்சில்ல. அந்த ஆக்சில் சக்கரத்தை உருட்டவும் வேணும், திருப்பவும் வேணும். அதனால அதோட நுனி பந்து மாதிரி இருக்கும். அதுமேல சக்கரத்தைத் தாங்குற நக்கிள், மேலயும் கீழயும் ரெண்டு கிங் பின்ல திரும்பும். ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு பேரிங், மொத்தம் நாலு. எங்க வண்டியில நாலும் தேஞ்சு போச்சு.

நான் ரெண்டு தப்பு பண்ணேன். முதல்ல இடது சக்கரத்தைக் கழட்டினேன். நட்டு வரல. பைப் போட்டுத் திருகினேன், ஸ்டட் ஒடிஞ்சிடுச்சு. இந்த வண்டிகள்ல இடது பக்கத்து நட்டுக்கு மறை எதிர்ப்பக்கம்னு எனக்குத் தெரியாது! ரெண்டாவது, ‘ஜீப் கிங் பின் செட்’னு ஆன்லைன்ல ஆர்டர் போட்டேன். வந்தது பிந்தைய மாடலுக்கானது. காசும் போச்சு, 12 நாளும் போச்சு.

அப்பதான் பஜார் பக்கம் பட்டறை வச்சிருக்கிற அண்ணாச்சிகிட்ட போனேன். அவர் பழைய பேரிங்கை மண்ணெண்ணெயில கழுவி, டார்ச் அடிச்சுப் பாத்தார். “ஏ தம்பி, கடையில போய் ஜீப்பு ஜீப்புன்னு கேட்டா எவன் தருவான்? சாமானுக்கு நம்பருதான் பேரு. இந்தா, வாசி.”

உள் கோன்ல 11590. வெளி கப்ல 11520.

வண்டிக் கம்பெனி இந்த பேரிங்கைத் தனியா வடிவமைக்கல. பேரிங் கம்பெனி கேட்லாக்ல இருந்த அளவைத்தான் எடுத்து மாட்டியிருக்காங்க. உள் விட்டம் 5/8 அங்குலம், அதாவது 15.875 மில்லிமீட்டர். வெளி விட்டம் 42.86. வண்டி தயாரிப்பு 1945-லயே நின்னாலும் அந்த நம்பர் இன்னைக்கும் உற்பத்தியில இருக்கு. மதுரையில ஒரு பேரிங் கடையில நம்பரை மட்டும் சொன்னேன். “எத்தனை வேணும்?”னு கேட்டாங்க. எந்த வண்டிக்குன்னு கேக்கவே இல்லை.

நம்பர் அழிஞ்சு போயிருந்தா? வெர்னியர் வச்சு உள் விட்டம், வெளி விட்டம், அகலம் மூணும் எடுங்க. ஆயில் சீலுக்கும் இதே வழிதான். பழசை மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க. அங்குல அளவுக்குப் பதிலா கிட்டத்தட்ட வர்ற மில்லிமீட்டர் சாமானை அடிச்சு ஏத்தாதீங்க. ஓடுற வண்டியில முன்சக்கரம் கைவிட்டா உயிருக்கே ஆபத்து. ஸ்டட் மாதிரி வண்டிக்கே உரிய சாமானுக்கு சென்னைன்னா புதுப்பேட்டை, வடக்கேன்னா ஹரியானாவில இருக்கிற டப்வாலி. கையில மாதிரி இல்லாம போகாதீங்க.

பேரிங் மாட்டின பிறகு மூடிக்கு அடியில ஷிம், அதாவது மெல்லிசான தகடு வைக்கணும். தகட்டை எடுத்தா இறுகும், சேத்தா தளரும். அண்ணாச்சி நக்கிள்ல ஸ்பிரிங் தராசைக் கொக்கி மாட்டி இழுத்து, தகடு ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தார். அதுக்கே ஒரு மத்தியானம் ஆச்சு.

27-வது நாள் அப்பாவை ஏத்திக்கிட்டுக் கிளம்பினேன். 30 வந்துச்சு, 40 வந்துச்சு. ஸ்டீயரிங் ஆடல. அப்பா எதுவும் பேசல. திரும்பி வந்ததும் இரும்புக் கடைக்காரருக்கு போன் போட்டு, “வண்டி குடுக்கலை”ன்னார்.

அண்ணாச்சி பட்டறையில இப்போ வேலை கத்துக்க ஒருத்தரும் இல்லை. அதனால ஊருக்குப் போறப்ப ஒரு நோட்டு எடுத்துட்டுப் போறேன். எந்த வண்டிக்கு எந்த நம்பர்னு அவர் சொல்லச் சொல்ல எழுதுறேன். இதுவரைக்கும் 11 பக்கம். உங்க ஊருலயும் இப்படி ஒரு அண்ணாச்சி இருப்பார். அடுத்த லீவுக்குப் போறப்ப ஒரு நோட்டோட போங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.