பயத்தை யாரிடம் கேட்பது?



பதற்றத்தைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை எதையாவது எடுத்துப் புரட்டுங்கள். அளவீடு என்ற இடத்தில் பெரும்பாலும் ஒரு வினாத்தாள்தான் இருக்கும். ஸ்பீல்பெர்கர் குழுவினர் 1970-இல் வெளியிட்டதில் 40 வாசகங்கள். பெக் குழுவினர் 1988-இல் தந்ததில் 21. 2006-இல் வந்த ஜிஏடி-7-இல் ஏழே கேள்விகள், அதுவும் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி மட்டும். டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும் நேரத்தில் நிரப்பிக் கொடுத்துவிடலாம். செலவு ஒரு தாள். உளவியல் என்பது தன்னைப் பற்றிச் சொல்வதையும் விரலசைவையும் ஆராயும் துறையாகச் சுருங்கிவிட்டதா என்று பாமைஸ்டர், வோஸ், ஃபண்டர் மூவரும் 2007-இல் தங்கள் கட்டுரைத் தலைப்பிலேயே குத்திக் காட்டினார்கள். குத்தியது நியாயம்தான். ஆனால் அதைப் படித்துவிட்டு, வாய் பொய் சொல்லும், நடத்தை மட்டும் மெய் சொல்லும் என்று கிளம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

கொஞ்சம் பின்னால் போவோம். 1963-இல் பீட்டர் லாங், லாசோவிக் இருவரும் அமெரிக்காவில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பாம்பென்றால் நடுங்கும் கல்லூரி மாணவர்கள் 24 பேர். ஓர் அறை, வாசலிலிருந்து 15 அடி தள்ளி ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் ஐந்தடி நீளத்தில் ஒரு கறுப்புப் பாம்பு, விஷமில்லாதது. ஆய்வாளர் முன்னால் போய்ப் பாம்பைத் தொட்டுக் காட்டுவார், பிறகு மாணவரைக் கூப்பிடுவார். சிலர் தொடுவார்கள், சிலர் பாதி வழியில் நின்றுவிடுவார்கள், சிலர் அறைக்குள்ளேயே வரமாட்டார்கள். எத்தனை அடியில் கால் நின்றது என்பது ஒரு மதிப்பெண். எவ்வளவு பயமாக இருக்கிறது என்று அந்த இடத்திலேயே அவரையே மதிப்பிடச் சொல்வார்கள். அது இன்னொரு மதிப்பெண். இந்த இரண்டாவது அளவுகோலுக்குப் 'பய வெப்பமானி' என்று பெயர். பாராசூட்டில் குதிக்கப் பழகும் படைவீரர்களுக்காக வாக் என்பவர் 1956-இல் பயன்படுத்தியது.

இரண்டு மதிப்பெண்ணும் கைகோத்துப் போகும் என்றுதானே எதிர்பார்ப்போம்? எப்போதும் அப்படிப் போகவில்லை. 1968-இல் லாங் இதை ஒரு கொள்கையாகவே எழுதினார். பேச்சு, நடத்தை, உடல் என மூன்று தளங்களில் பயம் வெளிப்படுகிறது. மூன்றுக்கும் இடையே உள்ள பிணைப்பு தளர்வானது என்றார். ஒன்று மாறும்போது மற்றது பின்தங்கலாம், எதிர்த்திசையில்கூடப் போகலாம் என்று 1974-இல் ராக்மனும் ஹாட்ஜ்சனும் அதை மேலும் விரித்தார்கள்.

அப்படியானால் காலைத்தான் நம்ப வேண்டும் என்பீர்கள். காலும் பேச்சு கேட்கும், ஐயா! குறுகிய அறைக்குப் பயப்படுகிறவர்களை வைத்து மில்லரும் பெர்ன்ஸ்டைனும் 1972-இல் செய்த சோதனையைப் பாருங்கள். எப்போது வேண்டுமானாலும் வெளியே வரலாம் என்று சொல்லி அனுப்பினால் சீக்கிரம் வந்துவிட்டார்கள். முடிந்தவரை உள்ளேயே இருக்கச் சொல்லி அழுத்தியபோது, அதே ஆட்கள் அதிக நேரம் தாக்குப்பிடித்தார்கள். சொன்ன தொனி மாறியதும் 'நடத்தை' மாறிவிட்டது. ஆனால் அவர்கள் சொன்ன பயத்தின் அளவு அந்த அளவுக்கு ஆடவில்லை. இங்கே நிலையாக நின்றது வாய்தான்.

உடலைக் கேட்டால்? இரண்டு ஆய்வுகளை அருகருகே வையுங்கள். வைன்பெர்கர், ஷ்வார்ட்ஸ், டேவிட்சன் மூவரும் 1979-இல், 'எனக்குப் பதற்றமே இல்லை' என்று எழுதித் தந்தவர்களில் ஒரு பிரிவினரைத் தனியே எடுத்துப் பார்த்தார்கள். தங்களை நல்லவராகவே காட்டிக்கொள்ளும் போக்கு மிகுந்தவர்கள் இவர்கள். இதயத்துடிப்பும் தோலின் மின் எதிர்வினையும் நெற்றித் தசையும் வேறு கதை சொல்லின. 2004-இல் மாஸ், வில்ஹெல்ம், கிராஸ் மூவருக்குக் கிடைத்தது இதற்கு நேர் எதிர். பிறர் முன்னிலையில் பதறும் இயல்பு மிகுந்தவர்கள், பேச நின்றபோது தங்களுக்குப் படபடப்பு அதிகம் என்றார்கள். கருவிகளோ மற்றவர்களுக்கும் இவர்களுக்கும் பெரிய வேறுபாடு காட்டவில்லை. கார்டிசால் ஹார்மோனும் இதே கதைதான். நடுவர் முன் பேசவைத்து அழுத்தம் தரும் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த கேம்ப்பெல், ஏலர்ட் இருவரும் 2012-இல் கண்டது என்ன? ஏறத்தாழ கால்வாசி ஆய்வுகளில்தான் கார்டிசாலும் சொன்ன உணர்வும் பொருந்தின.

விரலைக் கேட்டால்? பதற்றத்தை அளக்க, கணினித் திரையில் புள்ளி தோன்றியதும் பொத்தானை அழுத்தவைக்கும் சோதனை ஒன்று 1986 முதல் கொடிகட்டிப் பறந்தது. அதே ஆளிடம் மறுபடி நடத்தினால் அதே மதிப்பெண் வருவதில்லை என்று ஷ்முக்லே 2005-இல் காட்டினார். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

எலியிடம் வாக்குமூலம் வாங்க முடியாது. அதனால் தரையிலிருந்து உயர்த்திய கூட்டல்குறி வடிவப் பாதையில் விட்டு, அதன் சுவரில்லாத திறந்த கையில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அளக்கிறார்கள். டயசெபாம் போன்ற மருந்தை இது நன்றாகவே கண்டுபிடித்துவிடும். ஆனால் மருத்துவர்கள் இன்று பதற்றத்துக்கு முதலில் எழுதித் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகளில் இதன் விடை ஒரு முறை போல் மறுமுறை இருப்பதில்லை. ஜோசப் லெடூவும் டேனியல் பைனும் 2016-இல் இதையொட்டி ஒரு வாதம் வைத்தார்கள். உடலையும் தற்காப்பு நடத்தையையும் இயக்கும் மூளைச் சுற்று வேறு, பயமாக உணர்வது வேறு. முதலாவதை அடக்கும் மருந்து இரண்டாவதைத் தொட வேண்டும் என்ற கட்டாயமில்லை. எனக்கு இந்த வாதம் முழுக்கச் சரியென்று படவில்லை. உணர்வையும் நடத்தையையும் இவ்வளவு சுத்தமாகப் பிரித்துவிட முடியுமா என்ற ஐயம் உண்டு. ஆனாலும் நோயாளி தேடி வருவது எலியின் திறந்த கைக்காக அல்லவே, நெஞ்சில் இருக்கும் பாரத்துக்காக. அந்தப் பாரத்தை அவர் சொல்லித்தான் அறிய முடியும்.

ஆகவே கேட்பதில் தவறில்லை என்கிறேன். எப்போது கேட்கிறோம் என்பதில்தான் கோளாறு. இரண்டு வாரத்தை நினைவுகூரச் சொல்வது ஒரு கேள்வி. நாளை லிஃப்டில் ஏறினால் எப்படி இருக்கும் என்பது இன்னொன்று. ஏறி நிற்கும்போது கேட்பது மூன்றாவது. மூன்றையும் 'தன்கூற்று' என்று ஒரே பெட்டியில் போட்டுவிடுகிறோம். லிஃப்டுக்கு அஞ்சும் பெண்ணுக்குச் சிகிச்சை தந்த ஆய்வில் கடைசிவரை யாரும் அவரை லிஃப்டுக்கு அழைத்துப் போகவில்லை என்றால், வினாத்தாளில் மதிப்பெண் குறைந்ததை வைத்து நான் அதிகம் நம்பமாட்டேன். அழைத்துப் போய், நாலாவது மாடியில் கதவு திறக்கும்போது ஒரு வார்த்தையும் கேட்கவில்லை என்றாலும் அப்படித்தான்.

ராக்மன் பின்னாளில் தம் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து இந்த முன்பின் கேள்விகளைத் தனித்தனியே கேட்டுப் பார்த்தார். பயப்படுகிறவர்கள் வரப்போகும் பயத்தை, உள்ளபடி வந்ததைவிட அதிகமாகவே கணித்தார்கள். ஒவ்வொரு முறை கணிப்பு பொய்த்தபோதும் அடுத்த கணிப்பு இறங்கியது. விலகி ஓடுவதோடு பிணைந்திருந்தது அந்தக் கணிப்பு. அதைக் கேட்காமல் அறிய வழியில்லை.