மூங்கில் தும்பி
(இளைஞர் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



"விஞ்ஞானமும் இளைஞரும்" என்ற பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் கேட்டுக்கொண்டார். அது கடல்போன்ற பொருள். கடலைக் கடக்க வல்லமை இல்லாதபடியால், உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொருளைக் கொண்டுவந்திருக்கின்றோம். இரண்டு மூங்கில் துண்டுகள், வேறொன்றும் இல்லை. ஒன்று இறகு, மற்றது காம்பு. காம்பை இரு கைகளுக்கும் இடையில் வைத்து உருட்டிவிட்டால் இது கூரைக்கு மேலே கிளம்பும். சீனரும் யப்பானியரும் இதனைத் தத்தம் மொழியில் மூங்கில் தும்பி என்றே வழங்குகின்றனர்.

இதன் பிறப்பிடம் சீனா. நாலாம் நூற்றாண்டிலே கோ ஹொங் என்னும் சீன அறிஞர், சுழலும் அலகுகளால் மேலெழும் மரவண்டி ஒன்றைப்பற்றி எழுதினார். அவர் கருதியது இவ்வகை விளையாட்டுப் பொருளையே என்பது ஆராய்ச்சியாளர் சிலரின் எண்ணம். 1784ஆம் ஆண்டில் லோனுவா, பியன்வெனு என்னும் பிரெஞ்சுக்காரர் இருவர், எதிரெதிராகச் சுழலும் இரண்டு இறகுச் சக்கரங்களை வில்லின் விசையால் ஏவி, அறிஞர் சபைக்குக் காட்டினர். 1796இல் இங்கிலாந்தில் ஜோர்ஜ் கெயிலி, தக்கையிலே பறவையிறகுகளைச் செருகித் தாமும் ஒன்று செய்தார். பறத்தற் கலையை விஞ்ஞானமாக்கியவர் என்று போற்றப்படும் அவர், விளையாட்டுப் பொருளென்று இதனை ஒதுக்கவில்லை.

1878இல் அமெரிக்காவிலே மில்ரன் றைற் என்னும் போதகர், றப்பர் நாடாவின் முறுக்கால் மேலே பறக்கும் பொம்மை ஒன்றைத் தம் புதல்வர்க்கு வாங்கிவந்தார். மூத்தவன் வில்பருக்கு வயது 11, இளையவன் ஓவிலுக்கு 7. பொம்மை உடைந்தது. பிள்ளைகள் வேறொன்று வாங்கித் தரும்படி அழவில்லை, தாமே செய்தார்கள். பின்னர் அதனிலும் பெரிதாகச் செய்தார்கள். பெரிதாக்க ஆக்க அது பறப்பது குறைந்தது. அளவு இரட்டித்தால் வலு எட்டு மடங்கு வேண்டும் என்பது அவர்களுக்கு அப்போது தெரியாது. ஆனால் "ஏன்?" என்ற கேள்வி அவர்கள் கைவழியே மனத்துட் புகுந்துவிட்டது. 1903 டிசெம்பர் 17ஆம் நாள் ஓவில் 12 விநாடி நேரம் வானிற் பறந்ததற்கு வித்து எது என்று யாரேனும் கேட்டால், அந்தப் பொம்மையையும் கூட்டிச் சொல்லவேண்டும்.

நிற்க. செய்யும் முறையைச் சொல்வோம். தம்பிமார் கவனிக்க.

நன்றாகக் காய்ந்த மூங்கிலில் ஆறு அங்குல நீளம், முக்கால் அங்குல அகலம், கால் அங்குலத்திற்குச் சற்றுக் குறைந்த தடிப்பு உள்ள ஒரு துண்டைப் பிளந்தெடுங்கள். இது இறகு. நீளத்தின் நடுவைக் கண்ணால் மதிக்காமல் அளந்து குறித்து, பழுக்கக் காய்ச்சிய கம்பியாலோ துறப்பணத்தாலோ துளையிடுங்கள். துளையின் இருமருங்கும் அரை அங்குலம் செதுக்காமல் விடவேண்டும். அதுவே இறகின் நெஞ்சு.

இனிச் செதுக்கல். இறகின் ஒரு முனையை நம்மை நோக்கிப் பிடித்து, வலப்பக்கம் உயர்ந்திருக்க இடப்பக்கம் தாழுமாறு சரிவாகச் செதுக்குக. மறுமுனையைத் திருப்பிப் பிடித்தும் இடப்பக்கமே தாழ்த்துக. பிறகு இறகைக் கவிழ்த்து அடிமுகத்தை மேலாக்கி, இரு பாதியிலும் மறுபடி இடப்பக்கமே செதுக்குக. எந்த முனை நம்மை நோக்கினாலும், எந்த முகம் மேலே இருந்தாலும், இடப்பக்கமே தாழவேண்டும் என்ற ஒரே விதியை மனத்திற்கொண்டால் போதும். இந்த நாலு வெட்டும் முடிந்தபின் பார்த்தால் இரண்டு பாதியும் ஒன்றுக்கொன்று எதிராகச் சரிந்து நிற்கும். இரண்டும் ஒரே பக்கம் சரிந்தால், ஒரு பாதி மேலே தூக்க மறு பாதி கீழே அமுக்கும், பொம்மை எழும்பாது.

அடுத்தது நிறை பார்த்தல். துளையிலே ஊசியைச் செருகி இறகைக் கிடையாகத் தொங்கவிடுங்கள். தாழும் பக்கம் கனமானது. அதனை அரத்தாளால் சிறிது சிறிதாகத் தேய்த்துச் சரிப்படுத்துங்கள். அவசரக்காரன் தோற்கும் இடம் இதுவே. ஒரு பக்கத்தை அளவுக்குமேல் தேய்த்து, அதனை ஈடுசெய்ய மறுபக்கத்தைத் தேய்த்து, ஈற்றில் ஈர்க்குப்போல் ஆக்கிவிடுவான். இறகு மிக மெலிந்தால், பெற்ற சுழற்சியைக் காத்துவைக்க அதற்கு நிறை போதாது.

காம்பு ஏழு அங்குலம் இருக்கட்டும். துளையில் இறுகப் பொருந்தும்படி உருண்டையாகச் சீவி, செங்குத்தாக ஏற்றி, ஒரு துளி வச்சிரம் இடுங்கள். பசை காய்ந்ததும் காம்பைக் கைகளுக்கிடையில் வைத்து, வலக்கையை முன்னே தள்ளி, இடக்கையைப் பின்னே இழுத்து விடுங்கள். எதிராக உருட்டினால் அது கீழ்நோக்கிப் பாயும். முகத்துக்கு நேரே பிடித்து ஏவுதல் கூடாது.

இது ஏன் எழுகின்றது? சரிந்த இறகு காற்றைக் கீழே தள்ள, காற்று இறகை மேலே தள்ளுகின்றது. 1687இல் நியூற்றன் வெளியிட்ட மூன்றாம் விதியை நாம் சோதனைக்காகப் பல முறை மனனஞ் செய்தோம், இங்கே அது நம் தலைக்கு மேலே சுழல்கின்றது. இன்னுமொன்று. ஹெலிகொப்டருக்கு வாலிலே ஒரு சிறு சுழலி உண்டு, இதற்கு இல்லை. ஹெலிகொப்டரின் இயந்திரம் அதன் உடலுக்குள்ளேயே இருப்பதால், இறகு ஒரு பக்கம் சுழல உடல் மறுபக்கம் சுழலப் பார்க்கும். அதைத் தடுப்பது வாற்சுழலி. மூங்கில் தும்பிக்கு இயந்திரம் நம் கைகளே. எதிர்விசையை நம் உள்ளங்கைகள் தாங்கிக்கொள்கின்றன.

அன்பர்களே, இதையெல்லாம் இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. நாம் மிஷன் பாடசாலையிற் படித்தவர்கள். அங்கே தச்சுவேலையும் ஒரு பாடமாக இருந்தது. ஆனால் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்த பிள்ளையை அந்த நேரத்திற் கணக்குச் செய்ய அனுப்பினார்கள். வீட்டிலும் அப்படியே. கத்தியை எடுத்தால் "கையை வெட்டாதே, புத்தகத்தை எடு" என்ற குரல். சரசுவதி பூசையன்று ஏட்டையும் எழுதுகோலையும் உளியையும் சுத்தியலையும் ஒரே பீடத்தில் வைத்து வணங்குகின்றோம். மறுநாட் காலை ஏடு ஒரு பிள்ளையிடமும் உளி வேறொரு பிள்ளையிடமும் போய்விடுகின்றன. ஏடு பெற்றவன் உளி பெற்றவனைத் தாழ்வாகப் பார்க்கப் பழகுகின்றான். இந்தப் பிரிவு இருவரையுமே அரை மனிதர் ஆக்குகின்றது.

நமக்குக் கைத்திறன் புதிதன்று. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறை வானத்தைப் பார்த்தவர்க்கு இது தெரியும். மூங்கில் கீறி, நிறை பார்த்து, முச்சை கட்டி, விண் பூட்டிப் பட்டம் ஏற்றும் இளைஞன் எந்தப் பௌதிக மாணவனுக்கும் இளைத்தவன் அல்லன். அவன் கையும் மாணவன் ஏடும் ஓரிடத்திற் சேரவேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.

2021 ஏப்பிரில் 19ஆம் நாள், செவ்வாய்க் கிரகத்தில் இன்ஜெனுவிற்றி என்னும் சிறிய ஹெலிகொப்டர் எழுந்தது. எதிரெதிராகச் சுழலும் இரண்டு இறகுகள், 1784இல் அந்தப் பிரெஞ்சுக்காரர் காட்டிய அதே அமைப்பு. றைற் சகோதரரின் விமானச் சிறகுத் துணியில் ஒரு சிறு துண்டையும் அது தன்னுடன் கொண்டுசென்றது. 2024 சனவரிக்குள் அது 72 முறை பறந்தது.

பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம்: பிள்ளை கத்தியை எடுத்தால் பறிக்காதீர்கள், பக்கத்தில் இருந்து பிடிக்கும் விதத்தைக் காட்டுங்கள். தம்பிமாரிடம் ஒரு விண்ணப்பம்: அடுத்த ஆண்டு விழாவுக்கு ஒவ்வொருவரும் தம் கையாற் செய்த மூங்கில் தும்பி ஒன்றுடன் வாருங்கள். கடையில் வாங்கியது ஏற்கப்படாது. எவருடையது உயரப் பறக்கின்றதோ அவருக்குச் சங்கம் பரிசு தரட்டும். உயரப் பறக்காதவர், ஏன் பறக்கவில்லை என்று கண்டுபிடித்துவந்து சபைக்குச் சொல்லட்டும். அவருக்கும் ஒரு பரிசு தரவேண்டும் எனச் செயலாளரைக் கேட்டு, இம்மட்டில் அமர்கின்றோம்.