வேலம்பூவும் ஆட்டுப்பட்டியும்

கண்மாய்க் கரையில் முள்மரம் நின்றாலே சீமைக்கருவேலம் என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள் அதிகம். பூவைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அதற்கு விரல் நீளத்தில் தொங்கும் பூங்கதிர். நம் வேல மரங்களுக்கோ குட்டி குட்டியான உருண்டைப் பூக்கள்.

கருவேலம்பூ நல்ல மஞ்சள், வாசனையும் உண்டு. வெள்வேலத்துக்குப் பட்டையிலேயே வெளுப்பு. வெளிர்மஞ்சள் பூக்கள் கிளை நுனிகளில் கொத்துக் கொத்தாக நிற்கும். தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கத்துக் குடைவேலத்துக்குப் பூக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தட்டையாக விரிந்த உச்சியே போதும்.

கருவேல விதை எடுக்கக் கோடைதான் காலம். காய், விதைக்கு விதை இடுங்கி, மணி கோத்த மாலை போல இருக்கும். வெயிலில் உலர்த்தி இடித்தால் விதை பிரியும். சிறு துளை தெரிந்தால் வண்டு முந்திக்கொண்டது என்று பொருள். அப்படிப்பட்டவை பெரும்பாலும் தண்ணீரில் மிதக்கும், தள்ளிவிடலாம்.

நல்ல விதையும் லேசில் முளைக்காது. ஓடு அவ்வளவு கெட்டி! கொதித்து இறக்கிய நீரை ஊற்றி, அதிலேயே ஒரு நாள் ஊறவிடுவது நாற்றங்கால் வழக்கம்.

இந்த வேலையை அடுப்பில்லாமலே செய்துவிடுகிறது ஆடு. வேலங்காயை விரும்பித் தின்று, அசைபோடும்போது விதைகளைத் துப்பிவிடும். சில புழுக்கையோடும் வரும். அவை நன்றாக முளைப்பதால், மரம் வளர்ப்பவர்கள் ஆட்டுப்பட்டிகளில் விதை பொறுக்குவதுண்டு. பட்டி கூட்டுகிறவரிடம் சொல்லிவைத்தால் மரமேறவே வேண்டாம், முள்ளும் குத்தாது.