ஓவன் இல்லாத வீட்டில் ஆப்பிள் அணிச்சல்



‘ஏ ஃபார் ஆப்பிள்’ என்று தோட்டத்துப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்திருக்கிறார்கள். அந்த ஆப்பிள் அவர்கள் வீட்டுக்குள் எப்போது வந்தது? யாராவது ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் வந்தது. பூசைத் தட்டில் வந்தது. ஒரே பழத்தை ஆறாக நறுக்கி ஆளுக்கொரு துண்டு கொடுத்த காலம் அது. ஆப்பிள் போட்டு அணிச்சல் சுடுவதெல்லாம் தொலைக்காட்சியில் பார்ப்பதோடு சரி.

இன்று பெஸ்தாரி ஜெயாவிலோ தஞ்சோங் காராங்கிலோ பசார் மாலாமுக்குப் போனால் ஆப்பிள் குவிந்து கிடக்கிறது. பழம் வந்துவிட்டது. அதைச் சுட ஓவன்தான் பல வீடுகளில் இல்லை.

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். பள்ளியில் படிக்கும் மகள், பிறந்தநாளுக்கு ஆப்பிள் கேக் வேண்டும் என்கிறாள். “நம்ம வீட்டுல ஓவன் எங்கம்மா இருக்கு?” என்கிறார் தாய். கடையில் வாங்கலாம் என்றால் விலை மலைக்க வைக்கிறது. பிள்ளையின் முகம் வாடுகிறது. அப்போது மூலையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி வாய் திறக்கிறார்.

“ஏம்மா, உன் புருஷன் சின்னப் புள்ளையா இருந்தப்போ தீபாவளிக்குக் கேக் சுட்டேனே, அது எந்த ஓவன்ல சுட்டதாம்?”

“தெரியலையே அத்தை.”

“பிஸ்கட் டின்லம்மா! பிஸ்கட் டின்ல!”

நேயர்களே, இன்றைய பேச்சின் சாரம் அந்தப் பிஸ்கட் டின்னுக்குள்தான் இருக்கிறது.

பாட்டியின் பாடம்

பெரிய தகர டின்னில் ஒரு அங்குல உயரத்துக்குக் காய்ந்த மணலைப் பரப்புவார்கள். அதன்மேல் மாவுத் தட்டை வைத்து மூடுவார்கள். கீழே தணல், மூடியின் மேலும் தணல். சூடான காற்று மேல்நோக்கிப் போகும் என்பதால் மேலே இரண்டு பங்கு, கீழே ஒரு பங்கு. மலாய்க்காரர்களின் பாவுலு அச்சுக்கும் இதே மேல் தணல், கீழ்த் தணல் முறைதான். சூடு சரியா என்று பார்க்க ஒரு சிட்டிகை மாவை உள்ளே தூவுவார்கள். உடனே கருகினால் சூடு அதிகம். மெல்லப் பொன்னிறமானால் சரி.

வெப்பமானி இல்லை, பட்டப்படிப்பு இல்லை. ஆனால் சூடு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பது அந்தத் தாய்மார்களுக்குத் தெரிந்திருந்தது. இதற்கு அறிவியல் என்றல்லாமல் வேறு என்ன பெயர்?

ஏன் மறந்தோம்?

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் இதே கோலசிலாங்கூர் மாவட்டத்தில், தென்னமரம் தோட்டத்தில்தான் தொடங்கியது. தொடங்கியவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னர் பால்மரங்கள் சாயச் சாய, அந்த இடங்களில் செம்பனை எழுந்தது. பால்மரம் இருந்தவரை விறகுக்கும் கரிக்கும் குறைவில்லை. செம்பனைக் காட்டில் அந்த விறகு ஏது? எரிவாயு அடுப்பு வந்தது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது பல குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்குப் போயின. அங்கே தணல் மூட்ட முடியுமா? டின் போனது. டின்னோடு பாட்டியின் பாடமும் போனது.

இல்லாததை ஈடுகட்டுவது இந்தச் சமூகத்துக்குப் புதிதா? 1942 முதல் 1945 வரை, ஜப்பானியர் காலத்தில் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கைக் கொண்டே உயிர் வளர்த்தவர்கள் தோட்டத்து மக்கள். உலகிலும் இதற்குச் சான்று உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863இல் ரிச்மண்ட் நகரில் வெளிவந்த ஒரு சமையல் நூலில் ‘ஆப்பிள் இல்லாத ஆப்பிள் பை’ செய்முறையே இருக்கிறது. ஊறவைத்த பிஸ்கட்டில் புளிப்பும் இனிப்பும் சேர்த்து ஆப்பிளுக்கு ஈடாக்கினார்கள்!

ரைஸ் குக்கரில் செய்யலாம்

இன்று டின்னுக்கு ஈடு எது? சோறு ஆக்கும் ரைஸ் குக்கர்தான். அதில் சூடு அடியிலிருந்து வருகிறது. அடிப்பக்கம் சிவக்கும், மேல்பக்கம் வெளுத்திருக்கும். அப்படியானால் ஆப்பிளை அடியில் அடுக்கி, வெந்தபின் கவிழ்த்துவிட்டால் போதும்!

மூன்று ஆப்பிள்களைத் தோல் சீவி மெல்லிய துண்டுகளாக நறுக்குங்கள். பச்சை ஆப்பிள் புளிப்பானது, குழையாமல் நிற்கும். சிவப்பு ஆப்பிள் என்றால் அரை எலுமிச்சையைப் பிழிந்துவிடுங்கள்; துண்டுகள் கறுக்கவும் மாட்டா. சுருங்கிய பழமும் ஆகும், அழுகியது ஆகாது.

சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி மார்ஜரின் தடவி, நான்கு மேசைக்கரண்டி சீனியும் சிறிது கருவாப்பட்டைத் தூளும் தூவி, ஆப்பிளை அடுக்குங்கள்.

80 கிராம் மார்ஜரின், 100 கிராம் சீனி, இரண்டு முட்டை ஆகியவற்றை நுரைக்க அடியுங்கள். மின்கருவி வேண்டாம், முட்டை அடிக்கும் சுருள் கம்பியோ முள்கரண்டியோ போதும். பிறகு 150 கிராம் கோதுமை மாவில் ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர் கலந்து, நான்கு மேசைக்கரண்டி பாலோடு சேர்த்து, ஆப்பிளின் மேல் ஊற்றுங்கள்.

‘குக்’ விசையை அழுத்துங்கள். சில நிமிடங்களில் அது தானே மேலே வந்துவிடும். பயப்படாதீர்கள். தண்ணீர் வற்றி அடிச்சூடு 100 டிகிரியைத் தாண்டியதும் விசை விடுபடுவது இந்தக் கருவியின் இயல்பு. பத்து நிமிடம் விட்டு மீண்டும் அழுத்துங்கள். இப்படி மூன்று நான்கு முறை செய்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் வெந்துவிடும். நடுவில் ஈர்க்குச்சியைச் செருகிப் பாருங்கள். மாவு ஒட்டாமல் வந்தால், பத்து நிமிடம் ஆறவிட்டுத் தட்டில் கவிழ்த்துவிடுங்கள்.

ஆப்பிள் வாங்க வசதியில்லையா? அரைப்பழமான கொய்யாவோ அன்னாசியோ போடலாம். ஆப்பிள் ருசி வராது. ஆனால் அதற்கென்று ஒரு ருசி வரும்.

எச்சரிக்கை

விசை மேலே வராதபடி எதையும் முட்டுக்கொடுக்காதீர்கள். அது பாதுகாப்புக்காக உள்ளது. டின் அடுப்பு செய்பவர்கள் கரியைத் திறந்த வெளியில் மட்டுமே மூட்டுங்கள். மூடிய அறையில் கரிப்புகை உயிரைக் குடிக்கும். சாயம் இருந்த டின்னையும் துத்தநாகப் பூச்சுள்ள டின்னையும் தொடவே வேண்டாம்.

நேயர்களே, அந்த வீட்டில் பிள்ளையின் முகம் வாடியது ஓவன் இல்லாததால் மட்டும்தானா? ‘நம்மால் முடியாது’ என்ற சொல்லை அவள் வீட்டுக்குள்ளேயே கேட்டாள். அந்தச் சொல்தான் அடுப்பு இல்லாததைவிடப் பெரிய குறை.

இந்த வாரக் கடைசியில் உங்கள் வீட்டுப் பாட்டியை அழைத்து உட்கார வையுங்கள். டின்னில் எப்படிச் சுட்டார் என்று கேளுங்கள். பிள்ளைகளை விட்டு ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மகளுக்கு மட்டுமல்ல, மகன் கையிலும் முட்டைக் கிண்ணத்தைக் கொடுங்கள். அணிச்சல் கொஞ்சம் கோணலாக வந்தாலும் பரவாயில்லை. முதல் துண்டைப் பாட்டிக்குக் கொடுங்கள்.