மிகையொளி

கொழும்பு கொட்டாஞ்சேனையிலுள்ள புனித லூசியா பேராலயத்தில் ஒரு திருமணம் நடைபெறுகிறது என்று வைத்துக்கொள்வோம். மண்டபத்தின் உட்புறம் மங்கலாக இருக்கின்றது. மணப்பெண்ணோ தூய வெண்ணிறச் சேலையில் நிற்கிறாள். கமராவின் ஒளியளவி இருண்ட மண்டபத்தையே பெரிதும் கணக்கிட்டு, கூடுதலான வெளிச்சத்தை உள்ளே விட்டுவிடுகிறது. படத்தில் மண்டபம் தெளிவாகத் தெரிகின்றது. சேலையின் மடிப்புகளும் வேலைப்பாடுகளும் வெறும் வெள்ளைத் திட்டாகிவிட்டன. இதனையே படப்பிடிப்பாளர் 'ஓவர் எக்ஸ்போஷர்' என்பர். தமிழில் மிகையொளி எனலாம்.

வெள்ளவத்தைக் கடற்கரையிலும் மாலைவேளையில் இதனைக் காணலாம். கடலில் இறங்கும் சூரியனுக்கு முன்னே நிற்பவரின் முகம் தெரியவேண்டுமென்று ஒளியைக் கூட்டினால், வானத்தின் செம்மை வெளுத்துப்போகும்.

பிலிம் சுருளில் இக்குறையை ஓரளவு திருத்தலாம். நெகட்டிவில் மிகையொளி பட்ட இடம் மிகக் கறுத்திருக்கும். அச்சிடும்போது அவ்விடத்துக்கு ஒளியைக் கூடுதல் நேரம் கொடுத்தால், மறைந்தவை பல மீளும். டிஜிட்டல் கமரா தரும் சாதாரணப் படத்திலோ ஒவ்வொரு புள்ளியும் 0 முதல் 255 வரையான எண்களாற் குறிக்கப்படுகின்றது. 255ஐ எட்டியபின் எவ்வளவு ஒளி வந்தாலும் எண் மாறாது. அங்கே இருந்த விவரம் இழந்ததுதான்.

ஆயினும், அளவறிந்தவன் கையில் மிகையும் கருவியாகும். கொழும்பிற் பிறந்து 1944இல் மறைந்த லயனல் வென்ட், படத்தைக் கழுவும்போதே இடையில் ஒளிகாட்டி, நிழலும் வெளிச்சமும் ஓரளவு இடம் மாறும் படங்களை ஆக்கிக் காட்டினார்.

இச்சொல் கமராவை விட்டும் வெளியே வந்துவிட்டது. எக்ஸ் கதிர் அளவுக்கு மேல் உடலிற் படுவதையும், ஒரு நடிகரின் முகம் எங்கு பார்த்தாலும் தோன்றி மக்களுக்குச் சலிப்பூட்டுவதையும் இதே சொல்லாற் குறிப்பர். "பழகப் பழகப் பாலும் புளிக்கும்" என்ற பழமொழி இப்பிந்திய பொருளை என்றோ சொல்லிவிட்டது.

நடிகராவது புகழை விரும்பி முன்வருகிறார். இன்று பிறந்த நாள் முதலாகத் தன் படங்களெல்லாம் ஊரார் கைபேசிகளிற் பரவுவதை ஒரு குழந்தை விரும்பியதில்லை. அதனிடம் எவரும் கேட்பதுமில்லை. வெளுத்த படத்தைப் போலவே, பரவிய படத்தையும் மீட்பது அரிது. ஒளியளவை முன்னரே பார்க்கும் படப்பிடிப்பாளரின் நிதானம் பெற்றோருக்கும் வேண்டியதாகும்.