தண்ணி பிடிக்கிறது யாரு?

ஆண் பெண் சமத்துவத்தைப் பத்தி 14 வயசுப் பிள்ளைங்ககிட்ட எப்படிப் பேசுறதுன்னு நிறைய பேர் கேட்கிறாங்க. பேசாதீங்க, வேலை கொடுங்கன்னுதான் நான் சொல்லுவேன். சமத்துவம்னு போர்டுல எழுதினாலே பசங்க தலையாட்டிடுவாங்க. பரீட்சையில என்ன எழுதினா மார்க்குன்னு அவங்களுக்கு அத்துப்படி.

நான் கோயம்புத்தூர்ல ஒரு அரசுப் பள்ளி டீச்சர். எங்க ஒன்பதாம் வகுப்பு புராஜெக்ட்ல அந்த வார்த்தையே வராது. ரெண்டு பையன், ரெண்டு பொண்ணு சேர்ந்து ஒரு குழு. ஒரு வாரத்துக்கு அவங்கவங்க வீட்டுல யார் எந்த வேலையை எத்தனை நிமிஷம் செய்றாங்கன்னு குறிக்கணும். நம்ம ஊர்ல பல வீதிகளுக்கு நல்ல தண்ணி தினமும் வராது. வர்ற அன்னைக்கு எழுந்து குடம் நிரப்புறது யாருன்னு ஒரு தனிக் கட்டமே உண்டு.

முதல் சிக்கல் வகுப்புலயே வந்துடும். சார்ட் எழுதுறது பொண்ணுங்க, "அவங்க கையெழுத்துதான் டீச்சர் நல்லாருக்கும்". முன்னாடி நின்னு பேசுறது பையன். இந்த புராஜெக்டே இப்படி நடந்தா சிரிக்கிறதா அழுறதா? அதனால பொறுப்பு தினமும் மாறும். இன்னைக்கு எழுதினவங்க நாளைக்குப் பேசணும். பசங்க எழுதின சார்ட் கோணல்மாணலாத்தான் இருக்கும், இருக்கட்டும்.

சோமனூர்ப் பக்கம் இருந்து வர்ற ஒரு பொண்ணு, அம்மா கட்டத்துல "வேலைக்குப் போகவில்லை"ன்னு எழுதி முடிச்சுட்டா. குழுவுல இருந்த பையன்தான் கேட்டான், "உங்க வீட்டுல தறி ஓடுதே, தார் சுத்துறது யாரு?" அம்மாதான். தார் இல்லாம தறி ஓடாது. ஆனா கூலி அப்பா கைக்கு வருது, அதனால அது அப்பா வேலைன்னு ஆகிடுச்சு. அவ அதை அழிச்சுட்டு, அந்த வாரம் முழுக்க அம்மா பக்கத்துல உட்கார்ந்து நிமிஷம் எண்ணினா.

2019ல மத்திய அரசு நாடு முழுக்க இதே மாதிரி ஒரு நேரக் கணக்கு எடுத்துச்சு. வீட்டு வேலை செய்ற பெண்களுக்கு ஒரு நாளைக்குச் சராசரி 299 நிமிஷம், ஆண்களுக்கு 97. அந்த 97லயும் ஒரு விஷயம் இருக்கு. வீட்டு வேலை செய்றேன்னு சொன்ன ஆண்களோட சராசரிதான் அது. அப்படிச் சொன்னதே நாலுல ஒருத்தர்தான்.

சரி, பள்ளியில செஞ்சா ஏதாவது மாறுமா? ஹரியானால பிரேக்த்ரூங்கிற அமைப்பு அரசுப் பள்ளிகள்ல ரெண்டரை வருஷம், ஏறக்குறைய மூணு வாரத்துக்கு ஒரு தடவை, 45 நிமிஷ வகுப்பு நடத்துச்சு. 314 பள்ளிகளை எடுத்து, வகுப்பு நடந்த பள்ளியையும் நடக்காத பள்ளியையும் ஒப்பிட்டாங்க. ஆய்வு 2022ல வெளியாச்சு. பிள்ளைங்க எண்ணம் மாறியிருந்துச்சு, திட்டம் முடிஞ்சு ரெண்டு வருஷம் கழிச்சும் நின்னுச்சு. பசங்க வீட்டு வேலை கூடுதலா செஞ்சாங்க. பொண்ணுங்க நடத்தையில மாற்றம் அந்த அளவுக்கு இல்ல. ஏன்னா பையன் துடைப்பம் எடுக்க யார் அனுமதியும் வேண்டாம். பொண்ணு வெளியூர் போய்ப் படிக்க வேணும்.

எங்க வகுப்புலயும் அப்படித்தான். ஒரு பையன் குடம் தூக்க ஆரம்பிச்சான். "ஆம்பளப் பையன் கொடம் தூக்குனா ஊரு என்ன சொல்லும் கண்ணு"ன்னு ஆத்தா கேட்டாங்களாம். "ஊரு தூங்குது ஆத்தா, மணி 2"ன்னானாம்.

தார்க் கணக்கு எழுதின பொண்ணோட அக்கா இப்போ பிளஸ் டூ. ஹாஸ்டல்ல தங்கி இன்ஜினியரிங் படிக்கணும்னு ஆசை. புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய் கிடைக்கும். அப்பா மட்டும் "பார்க்கலாம்"னு சொல்லியிருக்கார்.

அதனால இந்தத் தடவை சார்ட்டை மாட்டுற அன்னைக்கு அப்பாக்களைக் கூப்பிட்டிருக்கோம். அவங்கவங்க வீட்டுக் கணக்கை அவங்களே சத்தமா வாசிக்கணும். சனிக்கிழமை காலையில. வர்றேன்னு சொன்னவங்க இதுவரைக்கும் 11 பேர்.